நின்ற இடத்தில் தடுமாறும் என்ஜின்

வியாபாரம் மும்முரமாக நடக்கும் நாட்களில் கணக்கில் உள்ள ஓட்டை எவர் கண்ணிலும் படுவதில்லை. பண்டிகைக் கூட்டம் நிற்கும்போது எடை போடவே நேரம் போதாது. சிட்டையைப் புரட்ட நேரம் ஏது? முகூர்த்தமும் பண்டிகையும் இல்லாத மந்தமான மாதத்தில்தான் எங்கே சரக்கு குறைகிறது, எவர் பாக்கி நிற்கிறது, எந்தச் செலவு வீண் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும்.

மோட்டார் வாகன என்ஜினும் அப்படித்தான். நெடுஞ்சாலையில் ஓடும்போது சிறு குறைகள் தெரியாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சிக்னலில் வண்டியை நிறுத்தும்போதுதான் என்ஜினின் உண்மையான உடல்நிலை வெளிப்படும். அந்த நேரத்தில் அது சீராக முனகினால் நலம். குலுங்கினாலோ, முள் மேலும் கீழும் ஆடினாலோ, திடீரென்று அணைந்து போனாலோ உள்ளே எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது என்று பொருள்.

இந்த ஓய்வு ஓட்டத்தைத்தான் மெக்கானிக்குகள் ஐடிலிங் என்கிறார்கள். இதில் வரும் கோளாறை எப்படி முறையாகக் கண்டுபிடிப்பது என்பதை, உலகம் முழுவதும் பலர் கைப்படப் பழுது பார்த்துவரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வைத்து இக்கட்டுரையில் காண்போம். மளிகைக் கடைக்காரருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். அந்தக் காரின் என்ஜினும், நம் கடை வாசலில் நிற்கும் பெட்ரோல் டெலிவரி வண்டியின் என்ஜினும் ஒரே விதிப்படிதான் இயங்குகின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் கோளாறு சற்றுச் சத்தமாகத் தெரியும். நம் வண்டியில் அமைதியாகப் பணத்தைத் தின்னும். வேறுபாடு அவ்வளவுதான்.

பத்து லட்சத்தைத் தாண்டிய இரண்டு இருக்கைக் கார்

மஸ்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர் நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. சரக்கு ஏற்றிச் சென்ற சுவராஜ் மஸ்டா லாரிகளை நாம் மறக்க முடியாது. அதே மஸ்டா 1989 பிப்ரவரியில் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்ற சிறிய காரை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். இரண்டே இருக்கைகள், திறந்து மூடும் துணிக் கூரை, முன்னால் என்ஜின், பின் சக்கரத்தில் இழுவை. முதல் மாடலின் என்ஜின் 1,597 சி.சி.; நான்கு சிலிண்டர், 16 வால்வு. பின்னர் 1,839 சி.சி. என்ஜின் வந்தது. பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் என்றில்லாமல் நடுத்தர வருமானக்காரரும் வாங்கக்கூடிய விலையில் வந்ததால், 2016 ஏப்ரலில் இதன் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற பெயர் இதற்கு உண்டு.

முதல் மாடல் கார்களுக்கு இன்று முப்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. ரப்பர் குழாய்கள் காய்ந்துவிட்டன. வால்வுகளில் கரி படிந்துவிட்டது. எனவே இக்கார் வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை, "ஐடிலிங் நிற்கவில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது" என்பதே. அதில் பெரும் செலவு செய்து ஏமாறுவோர் யார் என்றால், சோதிக்காமல் யூகத்தில் பாகம் மாற்றுவோர்தான். பிளக் மாற்றுவார்கள், சரியாகாது. சென்சார் மாற்றுவார்கள், சரியாகாது. கடைசியில் ஒரு சாண் நீள ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கும்.

ஐடிலிங் என்பது என்ன?

எம்.எக்ஸ்-5 முதல் மாடலுக்குத் தயாரிப்பாளர் குறித்த ஓய்வு வேகம் நிமிடத்துக்கு 850 சுற்று. 50 கூடலாம், 50 குறையலாம். நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பற்றுகிறது. 850 சுற்றுக்கு நிமிடத்தில் 1,700 முறை. அதாவது நொடிக்கு 28 முறை. இந்த 28 வெடிப்புகளும் ஒன்றுபோல இருந்தால் என்ஜின் சீராக நிற்கும். நான்கில் ஒன்று தவறினாலும் வண்டி குலுங்கும்.

ஒவ்வொரு வெடிப்புக்கும் மூன்று வேண்டும்: அளவான காற்று, அளவான பெட்ரோல், நேரம் தவறாத தீப்பொறி. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. கன அளவில் சொன்னால் சுமார் 12,000 லிட்டர் காற்று. எடையில் பழகிய நமக்கு இந்த விகிதம் எளிதில் விளங்கும். காற்று கூடினால் கலவை நீர்த்துப் போகும். பெட்ரோல் கூடினால் கறுப்புப் புகை வரும், பிளக் நனையும்.

ஓடும்போது என்ஜின் அதிகக் காற்றை இழுக்கிறது. அப்போது கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தெரியாது. நூறு மூட்டையில் கால் கிலோ குறைந்தால் எவர் கவனிப்பார்? ஆனால் ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று மிகக் குறைவு. ஒரு கிலோ பொட்டலத்தில் கால் கிலோ குறைந்தால் வாங்கும் சிறுவனுக்கே தெரியுமல்லவா? அதனால்தான் சிறு ஓட்டைகூட ஐடிலிங்கில் பெரிதாகத் தெரிகிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இது இன்னும் கூர்மை. வேகமாகச் சுழல வேண்டும் என்பதற்காக அவற்றின் பிளைவீலை இலேசாகச் செய்வார்கள். கனமான பிளைவீல் ஒரு வெடிப்பு தவறினாலும் தன் கனத்தால் சமாளித்துச் சுற்றும். இலேசான பிளைவீல் உடனே தடுமாறும். அதிக வேகத்தில் சக்தி தரும்படி அமைத்த கேம் ஷாஃப்ட்டில், உள் வால்வும் வெளி வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். அதனால் எரிந்த புகையில் சிறிது திரும்ப உள்ளே வந்து, குறைந்த வேகத்தில் கலவையைக் கெடுக்கும்.

கணக்கில் வராத காற்று

எம்.எக்ஸ்-5 காரில் ஏர் பில்டருக்கு அடுத்து ஒரு காற்று மானி இருக்கிறது. 1,597 சி.சி. மாடலில் அது கதவு போன்ற ஒரு தகடு. உள்ளே போகும் காற்று அத்தகட்டைத் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கும்படி கம்ப்யூட்டர் உத்தரவிடும். இது நம் கிடங்கு வாசலில் உட்கார்ந்து உள்ளே வரும் மூட்டையை எண்ணிப் பதியும் கணக்கப்பிள்ளையைப் போன்றது.

கிடங்கின் பின்கதவு திறந்திருந்தால் என்ன ஆகும்? பதிவேட்டில் ஏறாத சரக்கு உள்ளே வரும். இருப்பும் ஏடும் ஒத்துப்போகாது. அதேபோல மானிக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள குழாயில் வெடிப்பு இருந்தால் மானி எண்ணாத காற்று உள்ளே நுழையும். அந்தக் காற்றுக்கு உரிய பெட்ரோல் வராது. கலவை நீர்த்து, என்ஜின் தடுமாறும். வெடிப்பு பெரிதானால் தகடு மூடிக்கொள்ளும். அந்த மாடலில் பெட்ரோல் பம்பின் சுவிட்சும் அந்த மானிக்குள்ளேயே இருப்பதால், தகடு மூடியதும் பம்ப் நின்று என்ஜின் அணைந்து போகும்.

எனவே முதல் சோதனை, காசு செலவில்லாத சோதனை: என்ஜின் அணைந்து ஆறியிருக்கும்போது ஏர் பில்டர் முதல் என்ஜின் வரை உள்ள பெரிய ரப்பர் குழாயை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். மேலே நன்றாகத் தெரிந்தாலும் மடிப்பின் அடியில் வெடிப்பு இருக்கும். அடுத்து சிறு வேக்குவம் குழாய்களின் முனைகள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், என்ஜினுள் சேரும் ஆவியைத் திரும்ப அனுப்பும் பி.சி.வி. வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே 'கடகட' என்ற ஓசை வர வேண்டும். வராவிட்டால் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு எளிய சோதனை: என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். இந்த வகைக் காரில் அப்போது ஐடிலிங் தள்ளாட வேண்டும். திறந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், வேறெங்கோ காற்று ஏற்கெனவே ஒழுகுகிறது அல்லது பி.சி.வி. வழி அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆயில் மூடியும், ஆயில் அளவு பார்க்கும் கம்பியும் சரியாக உட்காராததாலேயே ஐடிலிங் கெட்ட வண்டிகள் உண்டு.

கார்புரேட்டர் கிளீனரைக் குழாய்மேல் தெளித்து, வேகம் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. அது எளிதில் தீப்பற்றும் பொருள். சூடான சைலன்சர் பக்கத்தில் அந்த வேலை கூடாது. புகையைச் செலுத்தி ஒழுக்கைக் காணும் கருவி பல பட்டறைகளில் வந்துவிட்டது. அதுவே பாதுகாப்பானது.

தீப்பொறியின் கணக்கு

காற்று ஒழுகல் இல்லையென்றால் அடுத்தது தீப்பொறி. நான்கு பிளக்குகளையும் கழற்றி, எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று வரிசை மாறாமல் வையுங்கள். நான்கும் இளம் பழுப்பு நிறமாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் தீ பிடிக்கவில்லை. எல்லாம் வெளிறியிருந்தால் கலவை நீர்த்திருக்கிறது. இந்தக் காரின் பிளக் இடைவெளி 1.0 முதல் 1.1 மில்லி மீட்டர்.

எம்.எக்ஸ்-5 முதல் மாடலில் பிளக் ஒயர்கள் சீக்கிரம் பலவீனமாகும் என்பது அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். பிளக்கைப் புதிதாகப் போட்டு ஒயரைப் பழையதாக விடுவதில் பயனில்லை. இருட்டில் பானட்டைத் திறந்து ஓடும் என்ஜினைப் பாருங்கள். ஒயரிலிருந்து நீலப் பொறி தெறித்தால் அந்த ஒயர் கெட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கையால் மட்டும் தொடாதீர்கள்.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் காண ஒரு வழி உண்டு. என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர்களின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் வேகம் சட்டென்று இறங்கும். எதைக் கழற்றும்போது மாற்றம் இல்லையோ, அதுவே சோம்பேறிச் சிலிண்டர். நால்வர் வேலை செய்யும் கடையில் ஒருவரை ஒருநாள் விடுப்பில் அனுப்பியும் வேலை குறையவில்லையென்றால், அவர் முன்பும் வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்? அந்தச் சிலிண்டரில் பிளக், ஒயர், இன்ஜெக்டர் மூன்றும் நன்றாக இருந்தும் குறை தீராவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அது வால்வு, பிஸ்டன் சம்பந்தப்பட்ட பெரிய வேலை.

கரி பிடித்த காற்று வழி

ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் தகடு மூடியிருக்கும். அப்போது என்ஜின் உயிர் வாழத் தேவையான காற்று ஒரு சிறு பக்க வழியாகப் போகிறது. அந்த வழியைக் கூட்டிக் குறைப்பது ஐடில் வால்வு. ஹெட்லைட் போட்டாலோ, ஏ.சி. ஓடினாலோ என்ஜினுக்குச் சுமை கூடும். உடனே கம்ப்யூட்டர் அந்த வால்வைச் சற்றுத் திறந்து வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் ஆயில் ஆவியும் தூசியும் சேர்ந்து அங்கே கரிப்பசை பிடிக்கும். வால்வு சிக்கிக்கொள்ளும். அதன் அடையாளம்: சும்மா நிற்கும்போது ஒருவாறு ஓடும், லைட் போட்டதும் முக்கி முனகி அணையும்.

மருந்து எளிது. த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கழற்றி அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டுவது. சூடான என்ஜின் ஓடும்போது வால்வின் மின் இணைப்பைக் கழற்றினால் வேகத்தில் மாற்றம் வர வேண்டும். வராவிட்டால் சந்தேகம் அந்த வால்வின் மீதும் அதன் ஒயரிங் மீதும்தான்.

இந்தக் காரில் குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் காற்று விடும் அமைப்பு, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் கொண்டு இயங்குகிறது. தண்ணீர் குறைந்தாலோ, உள்ளே காற்றுக் குமிழி நின்றாலோ ஐடிலிங் ஏறி இறங்கும். பல நூறு பணம் கொடுத்துப் பாகம் வாங்கும் முன் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவர் புத்திசாலி. ஆறிய என்ஜினில் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும்.

திருப்புளி கடைசியில்தான்

ஐடிலிங் விழுந்தால் பலர் முதலில் செய்யும் வேலை, திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டுவது. இது தராசில் குறை இருக்கும்போது தட்டின் அடியில் புளியை ஒட்டிச் சமன் செய்வதற்கு ஒப்பாகும். அன்றைக்கு முள் நேராக நிற்கும். குறை அப்படியே இருக்கும்.

மேற்சொன்ன எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அதற்கும் முறை உண்டு. என்ஜின் முழுச் சூடு ஏற வேண்டும். லைட், ஏ.சி., ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். என்ஜின் அறையில் உள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்று குறித்த இரு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைக்க வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் தன் சரிக்கட்டலை நிறுத்திக்கொள்ளும். முதலில் டைமிங் லைட் வைத்து இக்னிஷன் டைமிங்கை 10 டிகிரியில் நிறுத்த வேண்டும். பிறகு த்ராட்டில் பாடியின் மேல் ரப்பர் மூடிக்குள் இருக்கும் காற்று ஸ்க்ரூவைத் திருகி 850 சுற்றில் நிறுத்த வேண்டும். இணைப்பு ஒயரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. த்ராட்டில் தகட்டைத் தாங்கி நிற்கும் இன்னொரு ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் வைத்த அளவு.

இரண்டு தட்டுத் தராசு

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கதை வேறு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்ளலாம். 1,798 சி.சி. என்ஜின். பெரும்பாலானவற்றில் எஸ்.யு. கார்புரேட்டர் இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் இரண்டிரண்டு சிலிண்டருக்கு. இரண்டும் சமமாகக் காற்று இழுக்காவிட்டால் என்ஜின் நொண்டும். சமன் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிறு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து 'உஸ்' என்ற ஓசையைக் கேட்பார்கள். இரண்டிலும் ஓசை ஒன்றாகும் வரை திருகுவார்கள். இரண்டு தட்டுத் தராசைச் சமன் செய்து பழகிய கைக்கு இந்த நுட்பம் உடனே பிடிபடும்.

நம் டெலிவரி வண்டிக்கு இதில் என்ன பாடம்?

1984 இல் வந்து 2019 இல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி இன்னும் எத்தனையோ கடைகளுக்குச் சரக்கு சுமக்கிறது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியாக இருந்தால் ஸ்லோ ஜெட் அடைப்பு, சோக் சிக்கல், கார்புரேட்டர் அடியில் கேஸ்கெட் ஒழுகல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல கார்புரேட்டர்களில் ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூட ஒரு சிறு சொலினாய்டு வால்வு உண்டு. சாவி போட்டதும் 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். அது செத்துவிட்டால், மிதித்தால் ஓடும், விட்டால் அணையும்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. பல வண்டிகளில் காற்று மானிக்குப் பதில் அழுத்தம் பார்க்கும் சென்சார் இருக்கும். அவற்றில் காற்று ஒழுகினால் வேகம் விழுவதற்குப் பதில் கூடிப் போகலாம். ஆகவே வேகம் கூடினாலும் குழாய்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2005 இல் வந்த டாடா ஏஸ் போன்ற டீசல் வண்டிகளுக்குப் பிளக் இல்லை. அங்கே ஐடிலிங் கெட்டால் டீசல் பில்டர், குழாயில் புகுந்த காற்று, இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முதல் ஏஸின் என்ஜின் 702 சி.சி.யில் இரண்டே சிலிண்டர். அதன் இயல்பான அதிர்வையே கோளாறு என்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம்.

நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025 இல் 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்கு எரியத் தேவைப்படும் காற்று குறைவு. எனவே தானே சரிக்கட்டிக்கொள்ளத் தெரியாத பழைய கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்று நீர்த்துப் போகும். பழைய ரப்பர் குழாய்களும் சீக்கிரம் தளரும். நாள்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் டேங்கில் ஈரம் சேரவும் வாய்ப்புண்டு. பழைய வண்டி வைத்திருப்போர் பெட்ரோல் குழாய்களை வருடம் ஒருமுறை பார்த்து மாற்றுவது நல்லது. இது ஐடிலிங்குக்காக மட்டுமல்ல, தீ விபத்தைத் தவிர்க்கவும்தான்.

செலவையும் கணக்கிடுவோம். சின்னப் பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். "அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது" என்ற பயத்தில் ஒவ்வொரு கடை வாசலிலும் வண்டியை ஓடவிட்டே சரக்கு இறக்கும் டிரைவர்கள் உண்டு. நாளுக்கு இருபது நிமிடம் என்றாலும், 300 வேலை நாளில் 100 மணி நேரம். 50 முதல் 100 லிட்டர் பெட்ரோல் காற்றில் போகிறது. ஒரு குழாயின் விலை அதற்கு முன் நிற்குமா?

மூடிய ஷட்டருக்குள் வேண்டாம்

இனிச் சொல்லப்போவது பணத்தைவிடப் பெரியது. சரிவில் இறங்கும்போது என்ஜின் அணைந்தால் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வராது. மிச்சமுள்ள வேக்குவத்தில் ஓரிரு முறை மிதிக்கலாம். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். ஒரு டன் சரக்கோடு அந்த நிலை வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. "சிக்னலில் ஆஃப் ஆகிறது அண்ணாச்சி" என்று டிரைவர் சொன்னால் அதைச் சோம்பல் பேச்சு என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே பாருங்கள்.

மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. பெட்ரோல் அரைகுறையாக எரியும்போது வரும் விஷ வாயு. நம் இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றோடு இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், பிறகு மரணம். கெட்ட ஐடிலிங்கில், அதுவும் பெட்ரோல் கூடிய கலவையில், இந்த வாயு அதிகம் வரும். மழைக்காலத்தில் கிடங்குக்குள் வண்டியை விட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, என்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பது கூடவே கூடாது. மூட்டை தூக்கும் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். தேயிலை போன்ற சரக்கு புகை நாற்றத்தை இழுத்துக்கொள்ளும் என்பதும் மளிகை வணிகர் அறிந்ததே. சரக்கு கெட்டால் வேறு வாங்கலாம். ஆளுக்கு மாற்று இல்லை.

உதிரி பாகம் விற்கும் அன்பர்களுக்கு

நம்மில் பலர் ஆட்டோமொபைல் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர் வந்து, "ஐடில் வால்வு கொடுங்கள்" என்று கேட்பார். எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்குவது எளிது. "குழாய் பார்த்தீர்களா, பிளக் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்பவரிடம் இன்று விற்பனை குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் அடுத்த பத்து வருடம் அவர் கடைக்குத்தான் வருவார். மின்சார பாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. யூகத்தில் வாங்கியவர் மனக்கசப்போடு போவார். போலிப் பிளக்குகள் அசல் பெட்டியிலேயே வரும் காலம் இது. விற்பவர் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் எடுப்பதும், வாங்குபவர் பில் கேட்டு வாங்குவதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

"வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தால் யூகம்தான் தொடங்கும். ஒரு வாரம் டிரைவரைக் கவனிக்கச் சொல்லி, கீழ்க்கண்டவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

1. காலையில் குளிர்ந்த என்ஜினில் மட்டும் கோளாறா? அப்படியானால் சோக், வெப்ப சென்சார், குளிர்காற்று வழி.

2. சூடேறிய பின் லைட்டோ ஏ.சி.யோ போட்டால் மட்டும் விழுகிறதா? அப்படியானால் ஐடில் வால்வு, த்ராட்டில் கரி, பேட்டரி இணைப்பு.

3. எல்லா நேரமும் ஒரே தாளத்தில் குலுங்குகிறதா? அப்படியானால் ஏதோ ஒரு சிலிண்டர். பிளக், ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்.

4. வேகம் தானே ஏறி இறங்குகிறதா? அப்படியானால் காற்று ஒழுகல் அல்லது ரேடியேட்டர் தண்ணீர்.

5. மழை நாளில் மட்டுமா? அப்படியானால் ஒயர், காயில்.

6. பெட்ரோல் போட்ட மறுநாள் தொடங்கியதா? அப்படியானால் பெட்ரோலில் தண்ணீர்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என்ன மாற்றினார்கள், எந்தத் தேதி, எத்தனை கிலோ மீட்டர் என்று வண்டிக்கென்று ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். பாக்கிக்கு ஏடு வைப்பது போல வண்டிக்கும் ஒரு ஏடு இருந்தால், அடுத்த முறை ஐடிலிங் தடுமாறும்போது எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதை அந்த ஏடே சொல்லும்.